ஆவட்டும் பாயின் மட்பிளாப்

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் என்னிடம்தான் சொன்னார். ஊரில் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிய மனிதர், என் தலைக்கு மேல் கத்தி தொங்கிய நாளாகப் பார்த்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார். அன்று காலை எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. அவரை நினைத்தால் முதலில் கோபம் வரும், கொஞ்சம் பொறுத்துத்தான் பாசம் வரும்.

பெரம்பலூரில் நாங்கள் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டு, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். எந்தக் காகிதத்துக்கு எந்த ஊருக்குப் போவது என்று வேன் ஸ்டாண்டில் தினம் ஒரு தகராறு நடக்கும். அந்தத் தகராறில் கலந்துகொள்ளாமல், வண்டிக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பவர் அவர். லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பிவந்து, சொந்தமாக ஒரு வேன் வாங்கி எங்களோடு நிறுத்தியிருந்தார். காது மடலில் அத்தர் பஞ்சு, தோளில் ஈரத்துண்டு. நாங்கள் 'பாய்' என்போம். அவர் இல்லாதபோது 'ஆவட்டும் பாய்' என்போம்.

எதற்கும் அவர் பதில் அதுதான். "பாய், நாளைக்கு ஒரு லோடு இருக்கு, என் வண்டி மக்கர் பண்ணுது." "ஆவட்டும்." "பாய், மச்சினிச்சி வூட்டுச் சாமானை எல்லாம் வேற வூட்டுக்கு மாத்தணும்." "ஆவட்டும்." ஒரு முறை பாடாலூர் போகக் கிளம்பியவரை வழியில் ஒருத்தர் நிறுத்தி, தா.பழூர் போகுமா என்று கேட்டாராம். பாடாலூர் ஒரு திசை, தா.பழூர் வேறு திசை. பாய் "ஏறுங்க" என்றுவிட்டார். பாடாலூரில் காத்திருந்த வியாபாரி எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து கத்திவிட்டுப் போனார். ஏன் பாய் இப்படி என்று கேட்டதற்கு, "வயசானவரு தம்பி, மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. பாடாலூர்க்காரருக்கு மட்டும் மூஞ்சி இல்லையா?

ஆனால் சொன்னதைச் செய்யாமல் விட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு வீட்டிலும் அடுப்பு மூட்டக் காத்திருக்கிறார்கள், இரண்டு வீட்டு அண்டாவும் இவருடைய ஒரே வண்டியில் இருக்கிறது. முதல் வீட்டில் இறக்கிய கையோடு வேர்த்து விறுவிறுத்து இரண்டாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு இடத்திலும் அவர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு 'ஆவட்டும்' சொல்லுக்கும் பின்னால் யாரோ ஒருவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பார், முக்கால்வாசி நேரம் அது பாய்தான். அவர் மனைவி ஒரு நாள் ஸ்டாண்டுக்கே வந்து எங்களிடம் சொன்னார்: "ஊருக்கெல்லாம் ஆவட்டும். எனக்கு மட்டும் 'பாப்போம்'." பாய் அதற்கும் சிரித்தார்.

இனி மட்பிளாப் கதைக்கு வருகிறேன். வண்டியின் பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குமே, ரப்பர் பட்டை, அதுதான். சக்கரம் வாரியடிக்கிற சேறும் கல்லும் பின்னால் வருகிறவர் மேல் விழாமல் தடுப்பது. எங்கள் ஸ்டாண்டில் பாய் வண்டியைத் தவிர எந்த வண்டியிலும் அது கிடையாது. வெங்காயக் காட்டுக்குள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது, சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் சிக்கிப் பிய்ந்துபோகும். பிய்ந்ததை யாரும் திரும்ப மாட்டுவதில்லை.

பாய் தம்முடையதைச் சவூதியிலிருந்து கொண்டுவந்தார். அதுவும் அவருடைய குணத்தால் வந்த வினைதான். ஊர் திரும்புகிறார் என்று தெரிந்ததும், அங்கிருந்த நம் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் கம்பளி, ஒருத்தர் பால்பவுடர், ஒருத்தர் தங்கச்சிக்குச் சேலை. எல்லாவற்றுக்கும் ஆவட்டும். கடைசியில் பெட்டியில் அவர் சாமானுக்கு இடமில்லை. அடியில் தட்டையாகப் போட முடிந்தது, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த புது மட்பிளாப் ஒரு ஜோடி மட்டும்தான். "வூட்டுக்கு வந்ததும் பெட்டியத் தொறந்தா ரப்பர் வாடை. நான் அத்தர் வாடை வரும்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஜோடிதான் எங்கள் ஸ்டாண்டின் பொதுச்சொத்தானது. வருடா வருடம் வண்டியைப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஓடத் தகுதியானது என்று எழுதி வாங்க வேண்டும். எப்.சி. காட்டுவது என்போம். இரவல் நகை போட்டு மணமேடை ஏறுகிற பெண்ணைப் போலத்தான் எங்கள் வண்டிகள் அன்றைக்குப் போகும். ஸ்டெப்னி ஒருவருடையது, முதலுதவிப் பெட்டி இன்னொருவருடையது, மட்பிளாப் பாயுடையது. கேட்டால் போதும், அவரே மண்ணில் மல்லாக்கப் படுத்துத் தம் வண்டியிலிருந்து கழற்றி, நம் வண்டியில் மாட்டிவிடுவார். சாயங்காலம் திருப்பிக் கொடுப்போம். நாங்கள் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பார்க்கிற நேரத்தில் வண்டியில் ரப்பர் தொங்கியது, அது போதும்.

அந்த ஐப்பசியில் பாய் சில நாளாக ஒரு மாதிரி இருந்தார். வண்டியை எங்களோடு நிறுத்தாமல் தள்ளி நிறுத்தினார். டீக்கடை பெஞ்சில் உட்காரவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு விசாரிக்க நேரமில்லை. நான் என் அக்காவின் வெங்காயத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா பாடாலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் மச்சானும் அடுத்தவர் காட்டில்தான் வேலை செய்தார்கள். அந்த வருடம்தான் முதல் முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்து, சின்ன வெங்காயம் போட்டிருந்தார்கள். நல்ல விளைச்சல். பறித்து, தாள் அறுத்து, காட்டு நடுவில் அம்பாரமாகக் குவித்துவிட்டார்கள். மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது. கரிசல் மண். நாலு தூறல் விழுந்தால் வண்டி உள்ளே இறங்காது. தார்ப்பாய் போட்டு மேலே மூடலாம், அடியில் ஓடிவரும் தண்ணீரை என்ன செய்வது? மழைக்கு முன்னால் ஏற்றித் திருச்சி மண்டிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இல்லாவிட்டால் அக்கா பழையபடி கூலி வேலைக்குத்தான். எல்லாருக்கும் அதே அவசரம், அதனால் வேறு வண்டி எதுவும் கிடைக்கவில்லை. என் வண்டி மட்டும்தான்.

என் வண்டிக்கு எப்.சி. காலம் முடிந்திருந்தது. பெரம்பலூரில் வண்டி பார்க்கிற நாளை லோடு ஓட்டத்தில் தவறவிட்டுவிட்டேன். மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை அரியலூரில். காட்டாமல் ஓட்டலாமா என்று கேட்பீர்கள். போன மாதம்தான் எங்கள் ஸ்டாண்டு வண்டி ஒன்றைத் திருச்சி ரோட்டில் எப்.சி. இல்லையென்று லோடோடு பிடித்து நிறுத்தியதில், அதிலிருந்த தக்காளி கூழாகிப் போயிருந்தது. அக்காவின் வெங்காயத்தை வைத்து நான் அந்தச் சூதாட்டம் ஆடத் தயாரில்லை. வெள்ளி காலையில் அரியலூர், மத்தியானம் அக்கா காடு, சாயங்காலம் திருச்சி. கணக்கு சரியாக இருந்தது.

வியாழக்கிழமை பொழுது இறங்கும் நேரத்தில் பாயிடம் போனேன். அவர் வண்டியின் பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நாளைக்கு எப்.சி. ரப்பர் வேணும்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துணியைப் பிழிந்தார், மறுபடி துடைத்தார்.

"அரியலூர்ல காலையில முதல் ஆளாக் காட்டணும் பாய். அக்கா வெங்காயம் காட்டுல கெடக்கு."

"ஆவட்டும் தம்பி" என்றார்.

நான் உடனே போன் பூத்துக்குப் போய், அக்கா ஊர்க் கடைக்குப் போன் போட்டு, "பாய் ரப்பர் தரேன்னுட்டாரு, நாளைக்கு மத்தியானம் வண்டி வந்து நிக்கும்னு அக்காகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

விடிந்ததும் வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஸ்பானரோடு போய் நின்றேன். பாய் தம் வண்டியின் பின்படியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அவர் முதுகுக்குக் கீழே இரண்டு பக்கமும் அந்த ரப்பர்கள் கறுப்பாகத் தொங்கின.

"இல்ல தம்பி" என்றார்.

"என்ன இல்ல?"

"ரப்பர் தரமாட்டேன்."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஸ்பானரைக் கீழே போட்டேன். "பாய், வானத்தப் பாருங்க. நேத்து ஆவட்டும்னீங்களே?"

"சொன்னேன்."

"இன்னிக்கு ஒரு நாள் குடுங்க. அடுத்த வாரம் நானே கடையில வாங்கி மாட்டிக்கிறேன்."

"எல்லாரும் அதான் தம்பி சொல்றாங்க" என்றார். "வா, கடைக்குப் போவோம். நானும் வரேன். உன் வண்டிக்கே சொந்தமா வாங்கி மாட்டிடுவோம்."

அந்த நிமிடம் அவரைத் தள்ளிவிட்டு நானே கழற்றிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவர் அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டாண்டில் இரண்டு பேர் வந்து பஞ்சாயத்துப் பேசினார்கள். அவர்களுக்கும் அவர் மசியவில்லை. கெஞ்சினேன், கத்தினேன், மரியாதையை விட்டும் ஒரு வார்த்தை பேசினேன். அவர் காதில் அத்தர் பஞ்சைத் தடவிக்கொண்டே, "வா தம்பி, நேரமாவுது" என்றார். வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்கக் காத்திருந்ததிலேயே பாதிக் காலை போய்விட்டது. கடைக்காரர் உள்ளே போய் அரைமணி நேரம் உருட்டினார். லாரிக்கு மாட்டுகிற ஆளுயர ரப்பர் இருந்தது, காருக்கு மாட்டுகிற கையகல ரப்பர் இருந்தது. எங்கள் வேனுக்கு இல்லை.

"ஏங்க, இத்தனை வேன் ஓடுது, ஒரு ஜோடி கூட வைக்கலியா?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"உங்க ஸ்டாண்டுல எவன் வந்து இதக் கேட்டிருக்கான்? விக்காததை எதுக்கு வாங்கி அடுக்கணும்?" என்றார் அவர். "நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, திருச்சிலேருந்து சாயங்கால பஸ்ஸுல போட்டுவிடச் சொல்லியிருப்பேன். இனிமே நாளைக்குத்தான்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரை ஒரு முறை முறைத்தேன். வெளியே வந்ததும், "அரியலூர்ல பழைய இரும்புக் கடையில சிமெண்டு ஆலை பெல்ட்டு கெடைக்கும் தம்பி. அறுத்து மாட்டிடலாம்" என்றார். சுண்ணாம்புக்கல் ஏற்றி ஓடிய பெல்ட்டு தேய்ந்ததும் கழித்துவிடுவார்கள், அதைச் சொல்கிறார். இன்ஸ்பெக்டர் மத்தியானத்தோடு கிளம்பிவிடுவார். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

அரியலூர் ரோடு முந்தின வாரத்து மழையில் வெள்ளைச் சேறாகக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. ஒவ்வொன்றும் வாரியடித்த சேற்றில் கண்ணாடி மறைந்து, வைப்பர் அதை மேலும் இழுகிவிட்டது. நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு வளைவு வந்தது. பாய் என் கை மேல் கை வைத்தார்.

"மெதுவாப் போ. இந்த எடம்தான்."

"எந்த எடம்?"

அப்போதுதான் சொன்னார். நம் ஸ்டாண்டில் தா.பழூர்க்காரன் ஒருத்தன் இருந்தான். போன வாரம், அவன் எப்.சி. காட்டிவிட்டு பாயின் ரப்பரைத் திருப்பிக் கொடுத்த மறுநாள். அவன் வண்டி முன்னால் போகிறது. அதற்குப் பின்னால் ஒரு மொபெட்டில் புருசனும் பொண்டாட்டியும். விக்கிரமங்கலத்துக்காரர்கள். மொபெட்டுக்குப் பின்னால் பாய் வண்டி. வேனின் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் ஒரு கல் மாட்டியிருந்து, வளைவில் தெறித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் இடது கண்.

"முன்னாடி போனவனுக்குத் தெரியாது தம்பி. அவன் பாட்டுக்குப் போயிட்டான். நான்தான் தூக்கி, சாக்க விரிச்சு வண்டியில போட்டுக்கிட்டுப் போனேன். கண்ணு போயிடுச்சு."

"அதுக்கு நீங்க என்ன பாய் பண்ணுவீங்க? கல்லு தெறிச்சது அவன் வண்டியில" என்றேன்.

"முந்தின நாளு அதுல என் ரப்பர் தொங்குச்சுடா." அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "நான் இல்லைன்னு சொல்லியிருந்தா, அவன் திட்டிக்கிட்டே கடையில வாங்கி மாட்டியிருப்பான். நான் குடுத்தேன். குடுத்ததால அவன் வாங்கல. கடைக்காரன் சொன்னதக் கேட்டல்ல? ஊருல ஒருத்தனும் வாங்கல."

அவர் அழவில்லை. சட்டையின் முன்பக்கத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, என் அக்கா காட்டு நடுவில் நிற்கிறாள். புரிந்ததற்காகக் கோபம் போய்விடுமா என்ன? எனக்குப் போகவில்லை.

இரும்புக் கடையில் பெல்ட்டு இருந்தது. பலகை மாதிரிக் கனம். நடுவில் துணி அடுக்கு வேறு. கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து நாங்கள் மாறி மாறி அறுத்தோம். கத்தி நாலு விரற்கடை போகும், பிடித்துக்கொண்டு நின்றுவிடும். பக்கத்து வெல்டிங் கடையில் துளை போடக் கொண்டுபோனால் கரண்ட் இல்லை. கரண்ட் வரும்வரை அந்தக் கடை வாசலில் நான் நடந்த நடைக்குப் பாடாலூருக்கே போயிருக்கலாம். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையை பாய் விட்டு நான் பார்த்ததில்லை. அவர் நிமிர்ந்து அந்தத் திக்கைப் பார்த்துவிட்டு, மறுபடி இரும்புப் பட்டையை அளக்கக் குனிந்தார்.

கரண்ட் வந்தது. துளை போட்டு, பட்டை வைத்து, போல்ட்டு முடுக்கியாயிற்று. நான் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். பின்னால் டங்கு டங்கென்று சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால், பாய் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டின் முனையையும் சுத்தியலால் அடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். இனி அதை ஸ்பானர் போட்டுக் கழற்ற முடியாது.

"பாய், இன்ஸ்பெக்டர் போயிடுவாரு! என்ன பண்றீங்க? நான் கழட்டிடுவேன்னு நினைக்கிறீங்களா? என்னை நம்பலையா?"

"உன்ன நம்பாம என்ன தம்பி." அடித்துக்கொண்டே சொன்னார். "என்னத்தான் நம்பல. நாளைக்கு ஒருத்தன் வந்து கெஞ்சினா, உன் வண்டிலேருந்து கழட்டிக் குடுன்னு நானே உங்கிட்ட வந்து நிப்பேன்."

அந்த ரப்பர் நான் வண்டியை விற்கும்வரை அப்படியே இருந்தது. வாங்கினவரிடமும் இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் ஸ்டாண்டில் ஒவ்வொருத்தராகத் திட்டிக்கொண்டே வாங்கி மாட்டினார்கள். பாயோடு சில பேர் ரொம்ப நாள் பேசவில்லை. ஒரு ஜோடி ரப்பருக்காக ஸ்டாண்டையே பகைத்துக்கொண்டான் என்றார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் முன்போலவே தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார் என்பதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அன்றைக்கு, வண்டி பார்க்கிற மைதானத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் ஜீப்புக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன். அடுத்த வாரம் வா என்றார். வெங்காயம், அக்கா, மழை என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார். விளக்கு பார்த்தார், பிரேக் பார்த்தார், பின்னால் போய் ரப்பரைக் காலால் ஒரு உதை விட்டார். அது அசையவே இல்லை.

"என்னய்யா இது, பெல்ட்டா?"

"ஆமாங்க சார்" என்றார் பாய்.

"சாயங்காலம் கழட்டிடுவீங்களே?"

"கழட்ட முடியாதுங்க சார். குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கையெழுத்துப் போட்டார். நான் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

பெரம்பலூரைத் தாண்டும்போது காற்று ஈரமாகிவிட்டது. பாயை இறக்கிவிடலாம் என்று ஸ்டாண்டு பக்கம் வேகத்தைக் குறைத்தேன். "நானும் வரேன், ஏத்துறதுக்கு ஆளு வேணும்ல" என்றார். ஹைவேயில் ஏறியதும் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பெரிய துளி. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பாடாலூர் தெரியும்போது ரோடே தெரியாத மழை.

வண்டியைக் காட்டுப் பாதையில் திருப்பினேன். பாதி தூரத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டது. இறங்கி ஓடினோம். கரிசல் காலைப் பிடித்து இழுத்தது. அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். மச்சான் மண்வெட்டியால் சுற்றிலும் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்ட வெட்ட அது மூடிக்கொண்டது. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே ஓடியது, வெங்காயச் சருகைச் சுமந்துகொண்டு.

அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் வெடித்தாள்.

"மத்தியானம் வண்டி நிக்கும்னியேடா! எங்கடா போயிருந்த? வந்துடுவான் வந்துடுவான்னு எத்தனை நேரம்டா ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் எனக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பிய ஏசாதம்மா. ரப்பர் தரமாட்டேன்னு நான்தான் சொன்னேன். அதனாலதான் லேட்டு."

அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவள் குரல் இறங்கியது. அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது. "ரெண்டு ரப்பரு. ஒரு நாளு. அதத் தர்றதுல உங்களுக்கு என்ன பாய் கொறஞ்சுபோச்சு?"

அவர் சொன்னார். அந்த வளைவு, அந்த அம்மாள், கண். மழையில் நின்றபடி நாலே வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார். மச்சான் மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா முகத்தை வழித்துக்கொண்டாள். "பாவம், அந்தப் பொம்பள" என்றாள். "நீங்க தரமாட்டேன்னது சரிதான் பாய். நான் அதக் கேக்கல. இவன் நேத்து சாயங்காலமே உங்ககிட்ட வந்து நின்னானா இல்லையா? அப்பவே இல்லைன்னு சொல்லியிருந்தா, எங்கயாவது வாங்கி மாட்டியிருப்பான்ல? காலையிலயே காட்டிட்டு வந்திருப்பான்ல? மழை இப்பத்தானே வந்துச்சு. நேத்து ஏன் பாய் ஆவட்டும்னீங்க?"

அவர் அக்காவை நேராகப் பார்த்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லைன்னு சொல்லத்தாம்மா வாயத் தொறந்தேன்" என்றார். "வரல."

அக்கா தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கி அடியில் நுழைந்து உட்கார்ந்து, நனையாத வெங்காயத்தை ஒரு பக்கமும் நனைந்ததை ஒரு பக்கமுமாக அள்ளிப் பிரிக்கத் தொடங்கினாள். நானும் மச்சானும் கூடையை எடுத்தோம். நனைந்த பக்கம்தான் ஏறிக்கொண்டே போனது. பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தார்.